பேத்திக்கு ஒரு மணை

மணைப்பலகை இல்லாத சமையலறை ஒரு காலத்தில் நம் வீடுகளில் கிடையாது. இரண்டு அங்குல உயரம்தான் இருக்கும். அதன்மேல் தாத்தாவும் அமர்ந்தார், மூன்று வயதுப் பேரனும் அமர்ந்தான். எதிரே தரையில் இலை. பெரியவர் கைக்கும் பிள்ளையின் கைக்கும் அது ஒரே உயரத்தில்தான் இருந்தது. கன்னட வீடுகளிலும் இதே கதைதான். அவர்களும் அதை 'மணெ' என்றே சொல்கிறார்கள்.

பெங்களூருக்குப் பிழைக்க வந்த நாம், ஒண்டுக் குடித்தனத்திலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது மணை பரண்மேல் ஏறிவிட்டது. கூடத்தில் சாப்பாட்டு மேசை வந்து நின்றது. முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரிய உபகாரம். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ஆனால் இந்த மாற்றத்தில் நஷ்டப்பட்ட ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவர் வீட்டிலேயே மிகச் சிறியவர் என்பதால் யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

என் பேத்திக்கு இரண்டரை வயது. மகன் தமிழன், மருமகள் மைசூர்ப் பக்கத்துக் கன்னடப் பெண். குழந்தைக்கு அம்மாவிடம் கன்னடம், விளையாட்டுப் பள்ளியில் ஆங்கிலம், அடுக்குமாடிக் காவலாளியிடம் இந்தி. தமிழ் அவள் காதில் விழுவதெல்லாம் எங்கள் மூவரிடமிருந்துதான். நாங்கள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து தமிழ் பேசுவது எப்போது என்று பார்த்தால், இரவுச் சாப்பாட்டின்போதுதான். அந்த அரை மணி நேரத்தில் குழந்தை எங்கே? சோபாவில், கைப்பேசியில் ஓடும் ஆங்கிலப் பொம்மைப் படத்தைப் பார்த்துக்கொண்டு, என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் மேசையின் உயரம் 75 சென்டிமீட்டர். நாற்காலியின் இருக்கை 45 சென்டிமீட்டர். அதில் அவளை உட்கார வைத்தால் மேசை விளிம்பு தோளுக்கு நேரே வருகிறது. தட்டுக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கக் கழுத்தை நீட்ட வேண்டும். எடுத்துச் சாப்பிட எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நின்றால், "உட்காரு, விழுந்துடுவே!" என்று நாங்களே அதட்டுவோம். உட்கார்ந்தால் எட்டாது, நின்றால் திட்டு. நானாக இருந்தாலும் சோபாவுக்கே போயிருப்பேன்.

இந்திய ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படிப்பு பாலிடெக்னிக் டிப்ளமோ. ஒரு பொருள் தன் வேலையைச் செய்யவில்லையென்றால் முதலில் டேப்பை எடுத்து அளந்து பார் என்பது எனக்குச் சொல்லித்தந்த மேஸ்திரியின் உபதேசம். அதன்படி பேத்தியையும் நாற்காலியையும் அளந்தேன். அதிலிருந்து பிறந்ததுதான் மரத்தாலான ஓர் உயர்த்தும் இருக்கை. ஆங்கிலத்தில் 'பூஸ்டர் சீட்' என்பார்கள். எங்கள் வீட்டில் அதன் பெயர் மணைதான். அதைச் செய்யும்போது கவனித்த விஷயங்கள் நம் சங்கத்துத் தாத்தாக்களுக்குப் பயன்படலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

புதிய யோசனை அல்ல

சிறு பிள்ளையை உயர்த்தி உட்கார வைப்பது நமக்குப் புதிதே அல்ல. முடிதிருத்தும் கடையில் நாற்காலியின் இரு கைப்பிடிகளுக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு நம்மை உட்கார வைத்தார்களே, நினைவிருக்கிறதா? அதுவும் இந்த வகைதான். அப்பாவின் சைக்கிள் பாரில் மாட்டிய குட்டி இருக்கை இன்னொன்று.

வெளிநாடுகளிலும் இதே தேவை எழுந்திருக்கிறது. நார்வே நாட்டு வடிவமைப்பாளர் பீட்டர் ஆப்ஸ்விக், தம் சிறு மகன் பெரியவர்களின் நாற்காலியில் கால் தொங்க, மேசை எட்டாமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டு, 'டிரிப் டிராப்' என்ற மர நாற்காலியை உருவாக்கினார். அது 1972-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவியது. உட்காரும் பலகையையும் கால் வைக்கும் பலகையையும் குழந்தை வளர வளர மாற்றி மாட்டலாம் என்பதே அதன் சூட்சுமம். உயரத்தைப் போலவே காலுக்கும் ஒரு பிடிமானம் வேண்டும் என்று அவர் கண்டார். உயரமான ஸ்டூலில் காலைத் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தொடை அழுந்தும், உடம்பு முன்னால் சரியும். பெரியவருக்கே அப்படியென்றால் குழந்தை நெளியாமல் என்ன செய்யும்?

கடையிலும் பிளாஸ்டிக்கில் இத்தகைய இருக்கைகள் கிடைக்கின்றன. நல்லவையும் உண்டு. நான் மரத்தை எடுத்ததற்குக் காரணம், என் பேத்தியின் அளவுக்கும் என் நாற்காலியின் அளவுக்கும் பொருத்தமாகச் செய்யலாம் என்பதே.

அளவெடுத்தல்

குழந்தையைத் தரையில் சுவரோரம் நிமிர்த்தி உட்கார வைத்து, தரையிலிருந்து மடக்கிய முழங்கை வரை அளக்க வேண்டும். என் பேத்திக்கு அது 15 சென்டிமீட்டர். முழங்கை மேசை மட்டத்துக்கு வந்தால்தான் கை தாராளமாகத் தட்டுக்குப் போகும். ஆகவே இருக்கை தரையிலிருந்து 75-இல் 15 போக 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலியே 45 தருகிறது. மீதி 15 சென்டிமீட்டர்தான் நாம் சேர்க்க வேண்டியது.

அடுத்து, முதுகிலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை 23 சென்டிமீட்டர். இருக்கையின் ஆழம் அதைவிடக் கொஞ்சம் குறைவாக, 20 சென்டிமீட்டர் வைத்தேன். அதிகம் வைத்தால் குழந்தையின் முதுகு சாய்மானத்தைத் தொடாது. உள்மடிப்பிலிருந்து பாதம் வரை 22 சென்டிமீட்டர். கால் பலகை இருக்கைக்கு 22 சென்டிமீட்டர் கீழே, அதாவது நாற்காலியின் மட்டத்துக்கும் 7 சென்டிமீட்டர் தாழ, முன்புறம் வர வேண்டும். உள் அகலம் 30, சாய்மானத்தின் உயரம் 28.

எந்த மரம்?

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை வாங்கி மேசை, பெஞ்சு செய்வது சிலருக்குப் பெருமையாக இருக்கிறது. தேக்கு, சால் போன்ற உறுதியான மரங்களைத் தவிர மற்றக் கட்டைகளைச் செல் அரிக்காமலிருக்கக் கிரியோசோட் என்னும் நிலக்கரித் தார் எண்ணெயில் ஊற வைத்தார்கள். அதற்கென்றே பஞ்சாபில் தில்வான், அசாமில் நாகர்கட்டியா, உத்தரப் பிரதேசத்தில் கிளட்டர்பக்கஞ்ச், கேரளத்தில் ஒலவக்கோடு ஆகிய இடங்களில் ஆலைகள் இருந்தன. ரயிலுக்கு அது சரி, குழந்தைக்கு நஞ்சு. பார்வைக்கு எது ஊறியது, எது ஊறாதது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. குழந்தை தொடும் எந்தப் பொருளுக்கும் அந்தக் கட்டை வேண்டாம்.

இடித்த பழைய பங்களாக்களின் கதவு, ஜன்னல் மரமும் இங்கே மலிவாகக் கிடைக்கும். தேக்கு நல்ல தேக்குதான். ஆனால் அதன்மேலிருக்கும் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை வீட்டில் வைத்துத் தேய்த்தால் தூள் பறந்து காற்றிலும் தரையிலும் சேரும்.

நான் மைசூர் ரோடு டிம்பர் யார்டு லேஅவுட்டில், பெயிண்ட் காணாத புதுத் தேக்குப் பலகைகளை வாங்கி, அங்கேயே 18 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைக்கச் சொன்னேன். ரப்பர் மரமும் இதற்குப் போதும், விலையும் குறைவு. மரத்தைப் பற்றிச் சந்தேகமுள்ளவர்களுக்கு மல்லேசுவரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மைசூர் சமஸ்தானம் 1938-ஆம் ஆண்டு தொடங்கிய வன ஆய்வுக்கூடத்தின் வழிவந்தது அது. பெங்களூர்வாசிகளான நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இப்படி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது.

செய்த விதம்

வடிவம் எளியது. இரண்டு பக்கப் பலகைகள், நடுவே இருக்கைப் பலகை, பின்னால் சாய்மானம், முன்னால் கீழிறங்கும் இரு கைகளில் கால் பலகை. சட்டங்களின் முனையில் நாக்கு சீவி, எதிர்ப் பலகையில் துளை எடுத்துப் பொருத்திப் பசை வைத்தேன். எடை தாங்கும் நான்கு இடங்களில் கூடுதலாகப் போல்ட். ஆணி ஒன்றுகூட இல்லை. ஆணி நாளடைவில் அசைந்து தலையை நீட்டும். நட்டுகள் எல்லாம் உள்ளே நைலான் வளையம் உள்ளவை, ஆட்டத்தில் தளராது.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். முதலாவது இடைவெளி. விரல் நுழைந்து மாட்டிக்கொள்ளும் சந்து எங்கும் இருக்கக் கூடாது. 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 12 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டாவது விளிம்பு. ஒவ்வொரு விளிம்பையும் இழைப்புளியால் உருட்டி, உப்புத்தாளில் 80, 120, 220 என்று மூன்று எண்களில் தேய்த்தேன். என் மனைவி தன் பழைய பட்டுப்புடவைத் துண்டை அதன்மேல் ஓட்டிப் பார்த்தாள். "நூல் இழுக்கலைங்க, பாஸ்!" என்றாள். என் பணிக்காலத்தில் எந்த இன்ஸ்பெக்டரும் இப்படிச் சோதித்ததில்லை.

பட்டைகள் இரண்டு வகை. இருக்கையை நாற்காலியோடு கட்ட, அடியில் ஒன்று, முதுகில் ஒன்று. குழந்தையைக் கட்ட, இடுப்புப் பட்டையோடு கால்களுக்கு நடுவே வரும் பட்டையும் சேர்ந்தது. இந்த நடுப்பட்டையை யாரும் விட்டுவிடக் கூடாது. இடுப்புப் பட்டை மட்டும் இருந்தால் குழந்தை வழுக்கிக் கீழே இறங்கும்போது பட்டை கழுத்துக்கு வந்துவிடும். கைப்பை தைக்கும் கடைக்காரர் கெட்டியான நைலான் பட்டையும் பக்கிளும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். மொத்தச் செலவு, என் கூலி நீங்கலாக, 2,200 ரூபாய்.

கவிழாமல் இருக்க ஒரு கணக்கு

தரையில் போட்ட மணையிலிருந்து யாரும் விழுந்ததில்லை. உயரத்தில் ஏற்றினால் விழும் வாய்ப்பையும் சேர்த்தே ஏற்றுகிறோம். ஆகவே இந்தக் கணக்கைப் பொறுமையாகப் படியுங்கள்.

என் நாற்காலியின் எடை 6 கிலோ, மர இருக்கை 4 கிலோ, பேத்தி பன்னிரண்டரை கிலோ. மொத்தம் இருபத்திரண்டரை. முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையே 40 சென்டிமீட்டர். எடையின் மையம் ஏறக்குறைய நடுவில், பின்காலிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 450. குழந்தை மேசை விளிம்பைக் கையாலோ காலாலோ தள்ளுகிறது. விளிம்பின் உயரம் சுமார் 72 சென்டிமீட்டர். 450-ஐ 72-ஆல் வகுத்தால் 6 கிலோ சொச்சம். அதாவது, ஆறேகால் கிலோ விசையில் ஒரு தள்ளு தள்ளினால் நாற்காலி பின்புறம் கவிழும். இரண்டரை வயதுக் குழந்தை கோபித்துக்கொண்டு தள்ளினால் அந்த விசை வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பட்டையெல்லாம் சரியாகக் கட்டியிருந்தாலும் நாற்காலியோடு சேர்ந்து விழும்.

இதற்குத் தீர்வு மரவேலையில் இல்லை. நாற்காலி போடும் இடத்தில் இருக்கிறது. மேசையை நகர்த்தி, அவளுடைய நாற்காலியின் முதுகு சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி போட்டோம். சுவரைத் தள்ளிக்கொண்டு கவிழ முடியாதல்லவா? செலவு ஒரு பைசா இல்லை.

முன்புறக் கணக்கும் உண்டு. பட்டை கட்டுமுன் குழந்தை கால் பலகையின் விளிம்பில் ஏறி நிற்கலாம். பலகை நாற்காலிக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் நீள்கிறது. பன்னிரண்டரை கிலோவுக்குக் கவிழ்க்கும் கணக்கு 125. எதிர்த்துப் பிடிப்பவை நாற்காலியின் 120-ம், இருக்கையின் 56-ம் ஆக 176. சமாளிக்கும். குழந்தை 15 கிலோ ஆகும்போது 150, அப்போதும் சரி. 18 கிலோவில் 180, கவிழ்ந்துவிடும். ஆகவே 15 கிலோ வந்ததும் இந்த இருக்கைக்கு ஓய்வு. மடக்கு நாற்காலி, எடையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி, சக்கரம் வைத்த நாற்காலி ஆகியவற்றின்மேல் இதை வைக்கவே கூடாது என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும்.

இதெல்லாம் கிழவனின் பயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இத்தகைய மேசை இருக்கைகளுக்கென்றே கட்டாயப் பாதுகாப்பு விதி 2018-ல் அறிவிக்கப்பட்டு, 2020 ஜனவரி முதல் அமலில் உள்ளது.

மேல்பூச்சு

குழந்தை கைப்பிடியைக் கடிக்கும். அதை நிறுத்த முடியாது. கடித்தால் கெடுதல் வராத பூச்சைத்தான் நாம் தேட வேண்டும். பெயிண்டிலும் பெட்ரோலிலும் இருந்த ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிப்பதைப் பற்றி நம் நாட்டில் உரக்கப் பேசிய ஊர்களில் பெங்களூர் முக்கியமானது. 1999-ஆம் ஆண்டு ஜார்ஜ் அறக்கட்டளையின் முயற்சியில் ஈய நச்சு பற்றிய அனைத்துலக மாநாடு இங்கேதான் நடந்தது. 2000-ஆம் ஆண்டு நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எனவே பரணிலுள்ள பழைய பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

நான் அரக்கைத் தேர்ந்தெடுத்தேன். மைசூர் ரயில் பாதையில் இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள சன்னபட்டணத்தின் மரப்பொம்மைகளுக்கு மெருகு தருவது அரக்குதான். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை ஓலையால் தேய்த்தால் பளபளக்கும். நம் மாத்திரைகளின் மேல்பூச்சிலும் சுத்திகரித்த அரக்கு சேர்கிறது. நிறமில்லாத அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மூன்று பூச்சு பூசி, வாடை முற்றும் போகும்வரை ஒரு வாரம் காய வைத்தேன். சூடான ரசம் சிந்தினால் வெளுத்த தடம் விழும். மறுபடி ஒரு பூச்சு கொடுத்தால் போயிற்று.

காருக்கு அல்ல

"மாவா, இதைக் காரிலும் வைக்கலாமா?" என்று மருமகள் கேட்டாள். நல்ல கேள்வி. கூடவே கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதிப் பத்தில் ஒரு விநாடியில் நின்றால், பன்னிரண்டரை கிலோக் குழந்தை முன்னோக்கி இழுக்கும் விசை சராசரியாக 175 கிலோவுக்குச் சமம். சாப்பாட்டு மேசைக்குச் செய்த மரமும் பட்டையும் அதைத் தாங்காது; உடைந்த மரம் ஆயுதமாகவும் மாறும். காருக்கு, மோதல் சோதனையில் தேறிய குழந்தை இருக்கையைத்தான் வாங்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பாதுகாப்புப் பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காக அல்ல, குழந்தைக்காக.

சோதனையும் பலனும்

பேத்தியை ஏற்றுமுன், அவள் எடையைப் போல் இரு மடங்கான 25 கிலோ அரிசி மூட்டையை அதில் உட்கார வைத்து, நான்கு பக்கமும் ஆட்டி, ஓர் இரவு விட்டுவைத்தேன். எங்கும் முனகல் இல்லை. ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே சாயத்தால் ஒரு கோடு போட்டேன். நட்டு சுழன்றிருந்தால் கோடு முறிந்து தெரியும்; பெட்டிப் பராமரிப்பில் பழகிய வழக்கம். ரயில் பெட்டியில் எழுதுவதுபோல அடிப்பலகையில் சொந்த எடை 4 கிலோ, தாங்கும் எடை 15 கிலோ, அடுத்த பரிசோதனைத் தேதி எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை பரிசோதனை. பட்டை கட்டியிருந்தாலும், அவள் அதில் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருப்போம். அதற்கு ஈடான பட்டையை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

மூன்று மாதங்கள் ஆகின்றன. கைப்பேசியை நாங்கள் பிடுங்கவில்லை, அவளே மறந்துவிட்டாள். எதிரே நான்கு முகங்களும் அவள் கண் மட்டத்தில் இருக்கும்போது பொம்மைப் படம் எதற்கு? முதலில் வந்த சொற்கள் 'போதும்', 'இன்னும் கொஞ்சம்'. பிறகு 'உப்பு', 'அப்பளம்', 'துவையல்'. இப்போது, "தாத்தா, சாரு ஊத்து" என்கிறாள். சாரு கன்னடம், ஊத்து தமிழ். அம்மா சொல்லும் பெயரும் பாட்டி சொல்லும் வினையும் ஒரே வாயில் சேர்ந்து வருகின்றன. திருத்த எனக்கு மனம் வரவில்லை. மருமகளும், "இன்னும் கொஞ்சம் துவையல் இருக்கா, அத்தை?" என்று தமிழில் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். அவளுக்கென்று நான் எதுவும் செய்து தரவில்லை.

வெளியூரில் வாழும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எப்படி வரும் என்று கூட்டங்களில் பேசுகிறோம். வகுப்புகள் வேண்டும், புத்தகங்கள் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் நாள்தோறும் நடக்கும் ஒரு தமிழ் வகுப்பு சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அதில் சேர எங்கள் பேத்திக்குக் குறைந்தது வெறும் 15 சென்டிமீட்டர்தான். ரம்பமும் உளியும் பிடிக்கத் தெரிந்தவர்கள் செய்து பாருங்கள். தெரியாதவர்கள், தேறிய ஒன்றைக் கடையில் வாங்கி, நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். முழங்கால் ஒத்துழைக்கும் பாக்கியசாலிகள் பரண்மேலிருந்து பழைய மணையை இறக்கிக் குழந்தையோடு தரையில் உட்காருங்கள். உட்கார முடிந்தால் அதற்கு இணை எதுவும் இல்லை.